ஜப்பானில் ஜெயித்த பிட்சர் அமெரிக்காவிலும் ஜெயிப்பாரா? கேள்வி பதில்

சிபாவில் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. லோட்டே மரீன்ஸ் என்ற பேஸ்பால் டீம் ஆடும் கடலோர ஸ்டேடியத்துக்கு வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம், வார இறுதியில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். ஜப்பான் பிட்சர்களை, அதாவது பேஸ்பாலில் பந்து எறிகிறவர்களை, அமெரிக்க டீம்கள் எப்படி எடை போடுகின்றன என்று பேசலாமா எனக் கேட்டிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எடிசன், நியூ ஜெர்ஸி: அக்கா, ஜப்பானில் ஈ.ஆர்.ஏ. இரண்டுக்கும் கீழே வைத்திருப்பவரைப் பார்த்தாலே, எங்கள் டீம் இவரை எடுக்கணும் என்று தோன்றுகிறது. அந்த எண்ணை நம்பலாமா?

அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் (ஃபீல்டர்கள் தவறால் வந்தவை சேராது) விட்டார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. அதில் பிட்சரின் திறமையோடு, அந்த வருடம் அந்த லீக் இருந்த நிலையும் கலந்திருக்கும். 2024ல் ஜப்பானின் இரண்டு லீக்கையும் சேர்த்து, முழு சீசன் ஆடி .300 சராசரி (பத்துக்கு மூன்று ஹிட்) எடுத்த பேட்டர்கள் மூன்றே பேர். ரன்னே வராத வருடத்தில் எல்லாருடைய ஈ.ஆர்.ஏ.வும் அழகாகத்தான் தெரியும். அந்த வருடம் சென்ட்ரல் லீக்கில் பிட்சரும் பேட் பிடித்தார். அமெரிக்காவில் 2022லிருந்து பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் பிடிக்கிறார், அப்படி ஒரு சுலபமான அவுட் கிடையாது.

நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது) எத்தனை, வாக் (நான்கு பந்து வெளியே போய் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) எத்தனை என்றுதான். 2013ல் ரகுடென் டீமுக்கு மசாஹிரோ தனாகா 24 வெற்றி, தோல்வியே இல்லை. ஊரே அதைக் கொண்டாடியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, 212 இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக் வெறும் 32 என்பது. அமெரிக்காவில் யாங்கீஸ் டீமுக்குப் போன முதல் வருடம் 141 ஸ்ட்ரைக் அவுட், 21 வாக். 24-0 அவரோடு வரவில்லை, அந்தக் கட்டுப்பாடு அப்படியே வந்தது.

இந்தக் கணக்கும் கைவிடும் இடம் உண்டு. ஹன்ஷின் டைகர்ஸின் கெய் இகாவா சென்ட்ரல் லீக்கில் ஸ்ட்ரைக் அவுட்டில் முதலிடம் பிடித்தவர். அவரோடு பேசும் உரிமைக்கே யாங்கீஸ் 2.6 கோடி டாலர் கொடுத்தது. அமெரிக்காவில் இரண்டே வெற்றி, ஈ.ஆர்.ஏ. 6.66. வேகம் சாதாரணம், பந்து மேலேயே வந்தது. ஜப்பானில் கேட்ச்சாக முடிந்த அடிகள் அங்கே மதிலைத் தாண்டின. அதனால் எத்தனை பேரை அவுட் ஆக்கினார் என்பதோடு, எந்தப் பந்தில் ஆக்கினார் என்பதையும் கேட்க வேண்டும்.

சென்னை: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். 150 கி.மீ. போடாத பிட்சருக்கு அமெரிக்காவில் வேலை உண்டா, மேடம்?

உண்டு, தாராளமாக. அமெரிக்காவில் இன்று நேர்ப்பந்தின் சராசரி வேகமே 150ஐத் தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் ஷோட்டா இமனாகாவைப் பாருங்கள். 178 செ.மீ. உயரம், இடது கை, வேகம் 148 பக்கம். 2024ல் கப்ஸ் அவரை நான்கு வருடம், 5.3 கோடி டாலருக்கு எடுத்தது. முதல் சீசனில் 15 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.91.

காரணம் சுழற்சி. அவர் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே வரும். புவியீர்ப்பு இழுக்க வேண்டிய அளவுக்கு விழாது. அதோடு, கை கொஞ்சம் தாழ்வான இடத்திலிருந்து பந்தை விடும். பேட்டரின் கண் "பந்து இந்நேரம் இங்கே இறங்கியிருக்கும்" என்று நினைக்கும். பேட் பந்துக்குக் கீழே போய்விடும். ஸ்பீட் கன் இதைக் காட்டாது. இன்று டீம்கள் காசு கொடுப்பது கேமராவும் ரேடாரும் அளக்கும் இந்த விஷயத்துக்குத்தான்.

கோஜி உஎஹாராவும் நினைவுக்கு வருகிறார். 143 பக்கம்தான் போடுவார். 2013ல் ரெட் சாக்ஸுக்கு 101 ஸ்ட்ரைக் அவுட், 9 வாக். முழு சீசனுக்கும் ஒன்பதே வாக்! நேர்ப்பந்தும் ஸ்ப்ளிட்டரும் கையைவிட்டுக் கிளம்பும்போது ஒரே மாதிரி இருக்கும், கடைசியில்தான் ஸ்ப்ளிட்டர் மட்டும் சட்டென்று கீழே விழும். அந்த வருடம் அமெரிக்க லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் கடைசி அவுட் அவர் கையில்தான் முடிந்தது.

சிகாகோ: பந்தே வேறு என்கிறார்களே, அதெல்லாம் சாக்கா?

சாக்கு இல்லை. என் மேஜைமேல் இரண்டு பந்தும் இருக்கின்றன. ஜப்பான் பந்து விரலில் லேசாக ஒட்டும், தோலில் ஈரப்பதம் இருப்பது போல. அளவும் ஒரு துளி சிறியது. அமெரிக்கப் பந்தைக் கையில் எடுத்தால் புது எவர்சில்வர் டம்ளரைப் பிடித்த மாதிரி வழுக்கும். அதனால்தான் அங்கே ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்தையும் டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றைப் பூசித் தேய்க்கிறார்கள். அப்படியும் வித்தியாசம் போவதில்லை. விரல் நுனியால் பந்தை இழுத்துத் திருப்புகிறவருக்குத்தான் பாடு அதிகம். ஸ்ப்ளிட்டரை இரண்டு விரல் இடுக்கில் செருகிப் பிடிப்பதால் அது ஓரளவு தப்பித்துவிடுகிறது. ஜப்பானிலிருந்து வந்து நிலைத்தவர்களில் பலரிடம் நல்ல ஸ்ப்ளிட்டரோ அதே வகையான ஃபோர்க்கோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நோமோ, கசுஹிரோ சசாகி, குரோடா, இவாகுமா, தனாகா, செங்கா என்று பட்டியல் நீளும்.

ஸ்கார்பரோ, டொராண்டோ: அக்கா, அந்த ஏழாவது ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யமமோட்டோவை இவ்வளவு சரியாக எப்படிக் கணித்தார்கள்?

உங்கள் வருத்தம் புரிகிறது. 2025 உலகத் தொடரில் டொராண்டோவுக்கு எதிராக டாட்ஜர்ஸின் யமமோட்டோ இரண்டாவது ஆட்டம் முழுவதையும் தானே போட்டார், ஆறாவதில் 96 பந்து போட்டார். மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து 34 பந்து போட்டு முடித்தார். டொராண்டோ தோற்ற நான்கில் மூன்று அவர் பெயரில்.

2023 கடைசியில் டாட்ஜர்ஸ் அவருக்கு 12 வருடம், 32.5 கோடி டாலர் கொடுத்தபோது, அமெரிக்காவில் ஒரு பந்துகூடப் போடாதவருக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் அதிகம். 2024 மார்ச்சில் சியோலில் நடந்த அவருடைய முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் விட்டதும் அந்தக் குரல் இன்னும் பலமானது. ஆனால் அவர் கேஸில் எல்லாமே ஒரே பக்கம் காட்டின: வயது 25, தொடர்ந்து மூன்று வருடம் ஜப்பானின் சிறந்த பிட்சருக்கான சவமுரா விருது, வாக் குறைவு, வேகம், ஸ்ப்ளிட்டர், பெரிய வளைவுப்பந்து. 178 செ.மீ. உயரம்தானே என்று தயங்கியவர்களும் உண்டு. அவர் வழக்கமான எடைப் பயிற்சி செய்வதில்லை, ஈட்டி எறிவது போன்ற பயிற்சிகள்தான். மைதானத்தில் அதைப் பார்த்தால் தெரியும், கை தனியாக வேலை செய்யாது, உடம்பு மொத்தமும் சேர்ந்துதான் எறியும். உயரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சிங்கப்பூர்: ஜப்பானில் வாரம் ஒருமுறைதான் போடுவார்களாமே?

ஆமாம். ஆறு பேர் முறைவைத்துப் போடுவார்கள், திங்கள்கிழமை பெரும்பாலும் விடுமுறை. அமெரிக்காவில் ஐந்து நாளுக்கு ஒருமுறை. 143 ஆட்டம் அங்கே 162 ஆகிவிடும், பயணமும் நீளம். இப்போது டீம்களே இறங்கி வருகின்றன. 2023ல் மெட்ஸ் செங்காவுக்குக் கூடுதல் ஓய்வு கொடுத்தே போட வைத்தது. 202 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 2.98.

டல்லாஸ்: பள்ளிக்கூட வயதிலேயே கையைத் தேய்த்துவிடுகிறார்கள் என்பது சரியா? டீம்கள் அதைப் பார்க்குமா?

மிகவும் கவனமாகப் பார்க்கும். 1998ல் கோஷியென் என்ற கோடைப் பள்ளிப் போட்டியில் மட்சுசாகா காலிறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து போட்டார். அதற்கு முந்தின நாளும் முழு ஆட்டம். அப்புறம் இறுதி ஆட்டத்தில் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஜப்பானில் அது காவியம். எனக்கு அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது பெருமையும் பயமும் சேர்ந்தே வரும், பதினேழு வயதுப் பையன் அவர். 2008ல் ரெட் சாக்ஸுக்கு 18 வெற்றி, 3 தோல்வி என்று ஆடியவருக்கு 2011ல் முழங்கை அறுவை சிகிச்சை. 250 பந்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் அந்தப் பந்துகள் கணக்கில் உண்டு. இப்போது பள்ளி ஆட்டங்களில் வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவும் அதிகம்.

மருத்துவ அறிக்கை ஒப்பந்தத்தையே மாற்றும். கென்டா மயேடாவுக்கு 2016ல் டாட்ஜர்ஸ் எட்டு வருடத்துக்கு உறுதியாகக் கொடுத்தது 2.5 கோடி டாலர்தான், மீதியெல்லாம் ஆடினால் கிடைக்கும் ஊக்கத்தொகை. பரிசோதனையில் கை பற்றி வந்த சந்தேகம்தான் காரணம்.

ப்ரீமான்ட்: ரோகி சசாகி விஷயத்தில் எல்லாருமே ஏமாந்துவிட்டார்களா?

இல்லை, அவசரப்பட வேண்டாம். இந்த ஊர் டீமில் ஆடிய பையன் என்பதால் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 10ல் அவர் ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாமல் முடித்த ஆட்டம் இதே ஸ்டேடியத்தில்தான். 19 ஸ்ட்ரைக் அவுட், அதில் 13 தொடர்ச்சியாக. வயது 20. அந்தத் திறமையை யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

படித்தும் ஒதுக்கி வைத்தவை இரண்டு. ஒன்று, ஜப்பானில் எந்த வருடமும் அவர் முழு சீசன் சுமையைத் தாங்கியதில்லை. இரண்டு, 2024ல் நேர்ப்பந்தின் சராசரி வேகம் முந்தைய வருடத்தைவிடச் சுமார் 3 கி.மீ. குறைந்திருந்தது. அவர் நேர்ப்பந்து இமனாகாவுடையது போல ஏமாற்றும் வகை இல்லை, வேகத்தை நம்பியே நிற்பது. அது குறைந்தால் பேட்டுக்கு வாகாக வரும். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது: 34 இன்னிங்ஸ் சொச்சத்தில் 22 வாக், அப்புறம் தோள் வலி. கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் வேலையில் திரும்பியபோது வேகமும் திரும்பியிருந்தது.

டீம்கள் மொய்த்ததற்கு விலையும் ஒரு காரணம். 25 வயதோ ஆறு சீசனோ நிறையாதவர் வந்தால் பெரிய ஒப்பந்தம் போட விதி இடம் தராது. அவர் வாங்கியது 65 லட்சம் டாலர் மட்டும். ஒட்டானி 2017ல் 23 லட்சம் சொச்சத்துக்கு வந்ததும் அப்படித்தான்.

மதுரை: பழைய டீமுக்கு என்ன கிடைக்கும்?

ஒப்பந்தத்தின் முதல் 2.5 கோடி டாலரில் 20 சதவீதம், அடுத்த 2.5 கோடியில் 17.5, மேலே உள்ளதில் 15. யமமோட்டோவுக்காக அவருடைய பழைய டீம் ஓரிக்ஸுக்குப் போனது 5 கோடிக்குச் சற்று மேல். ஒன்பது சீசன் முடித்துச் சுதந்திரமாகப் போனால் எதுவும் கிடைக்காது.

யோகோஹாமா: அடுத்த வாரம் முதல்முறையாக ஸ்டேடியத்துக்குப் போகிறேன். எதைப் பார்க்கட்டும் அக்கா?

ஹோம் ப்ளேட்டுக்குப் பின்னால் சீட்டு கிடைத்தால் எடுங்கள், பைனாகுலர் கொண்டுபோங்கள். ஸ்கோர்போர்டில் வரும் வேகத்தை முதல் மூன்று இன்னிங்ஸ் மறந்துவிடுங்கள். அவர் முன்னங்கால் விழும் இடத்தைப் பாருங்கள். நல்ல பிட்சருக்கு மண்ணில் ஒரே ஒரு குழி விழும், ஒவ்வொரு பந்துக்கும் கால் அதே குழியில் போய் இறங்கும். 160க்கு மேல் போடும் ஃபுஜினாமிக்கு 2023ல் அமெரிக்காவில் 79 இன்னிங்ஸில் 45 வாக் போனதற்கு வேகக் குறைவு காரணமே இல்லை. பந்து விடும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறினால் எந்த வேகமும் உதவாது.

அப்புறம் ஆறாவது இன்னிங்ஸ் வரை எழுந்திருக்காதீர்கள். அதே பேட்டர்கள் மூன்றாவது முறை வந்திருப்பார்கள், பேஸில் ஆள் இருப்பார், மூன்று பந்து வெளியே போயிருக்கும், இன்னொன்று போனால் வாக். அப்போது கேட்ச்சர் எந்தப் பந்தைக் கேட்கிறார், பிட்சர் அதைத் தயங்காமல் போடுகிறாரா என்று பாருங்கள். மரீன் ஸ்டேடியத்தில் கடல் காற்று எதிரே அடிக்கும் இரவுகளில் அந்த ஒரு பந்தைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருப்பேன். போய்விட்டு வந்து, குழி ஒன்றா இரண்டா என்று எனக்கு எழுதுங்கள்.