டோங்கா மன்னருக்கு அதிகாரம் இல்லையா?

வணக்கம். "2010 சீர்திருத்தத்துக்குப் பிறகு டோங்கா மன்னர் வெறும் அலங்காரத் தலைவர்" என்று அந்தப் பசிபிக் தீவு நாட்டைப் பற்றிய கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள்.

மாற்றம் பெரிதுதான். அதுவரை சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் 9 பேர்; இப்போது 17. பிரதமரையும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. ஆனால் இன்னும் 9 இடங்களைப் பரம்பரைப் பிரபுக்கள் தங்களுக்குள் வாக்களித்து நிரப்பிக்கொள்கிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது.

மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கவும் அவையைக் கலைக்கவும் மன்னரால் முடியும். 2017 ஆகஸ்டில் மன்னர் ஆறாம் டுப்போ கலைத்தே விட்டார். நவம்பர் தேர்தலில் மக்கள், கலைப்பின்போது பிரதமராக இருந்த அதே அகிலிசி போஹிவாவின் அணியை முன்பைவிட வலுவாக வெற்றிபெறச் செய்தார்கள். மன்னரின் அதிகாரம், வாக்காளரின் பதில் இரண்டுமே இதில் தெரிகின்றன. இதையே கட்டுரையின் மையமாக வையுங்கள்.