ரொக்கக் குத்தகைக்கு விட்ட நிலத்தின் பயிர் மானியம் யாருக்கு உரியது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், புளூமிங்டன் நகரில் கணினித் துறையில் பணிபுரியும் வாசகர் ஒருவர், மெக்லீன் கவுண்டியில் 80 ஏக்கர் விளைநிலம் வாங்கி, அதைப் பக்கத்து நிலத்து விவசாயிக்கு ரொக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். அரசின் பயிர் மானியம் குத்தகைதாரர் பெயருக்கே செல்வதாகவும், உரிமையாளரான தமக்கு அதில் பங்கு உண்டா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

இப்போதைய ஏற்பாட்டின்படி பங்கு கிடையாது. பிஎல்சி எனப்படும் விலை இழப்பீடும், ஏஆர்சி எனப்படும் வருவாய் இழப்பீடும் சாகுபடியின் இடரைச் சுமப்பவருக்காக ஏற்பட்டவை. மழை பொய்த்தாலும் சந்தை சரிந்தாலும் உங்களுக்குக் குத்தகைப் பணம் குறையாமல் வந்துவிடுவதால், சட்டத்தின் கண்ணில் அந்த இடர் முழுவதும் உழுபவருடையது. இது நியாயமான விதி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், மானியத்தின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் நிலத்தின் பதிவேடு என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் முற்காலத்தில் பயிரிட்டதை வைத்து ஒவ்வொரு பயிருக்கும் இத்தனை 'அடிப்படை ஏக்கர்' என்று பதிவாகியிருக்கும். இந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்பது கணக்கில் வராது. மக்காச்சோளத்துக்கு 40 அடிப்படை ஏக்கரும், ஏக்கருக்கு 150 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) விளைச்சலும் பதிவாகியிருக்கின்றன என்றும், புஷலுக்கான ஆண்டுச் சராசரிச் சந்தை விலை, சட்டம் நிர்ணயித்த ஆதார விலையைவிட 20 சென்ட் குறைந்துவிட்டது என்றும் கொள்வோம். அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்கே, அதாவது 34 ஏக்கருக்கே பணம் என்பதால், பிஎல்சி தொகை 1,020 டாலர் ஆகும். 2025 ஆம் ஆண்டுச் சட்டம் மக்காச்சோளத்தின் ஆதார விலையை 3.70 டாலரிலிருந்து 4.10 டாலராக உயர்த்தியிருப்பதால், அடிப்படை ஏக்கர் மிகுந்த நிலத்துக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. ஆகவே, குத்தகைத் தொகையைப் பேசுமுன், கவுண்டியிலுள்ள பண்ணைச் சேவை முகமை (எஃப்எஸ்ஏ) அலுவலகத்தில் எஃப்எஸ்ஏ-156ஈஇசட் என்ற பதிவேட்டுப் படியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மானியத்தில் நேரடிப் பங்கு வேண்டுமென்றால் வாரத்துக்கு, அதாவது செலவையும் விளைச்சலையும் உழுபவரோடு பகிர்ந்துகொள்ளும் முறையில், விடுவதுதான் வழி. மத்திய இல்லினாயில் பாதி வாரம் பழைய வழக்கம்: விதை, உரம், மருந்துச் செலவில் பாதியை உரிமையாளர் ஏற்பார், விளைச்சலில் பாதியைப் பெறுவார், மானியமும் அதே விகிதத்தில் பிரியும். விலை வீழ்ந்த ஆண்டில் நட்டத்தில் பாதியும் உங்களைச் சேரும் என்பதையும், 2025 அறுவடைக்குரிய மானியம் 2026 அக்டோபருக்குப் பிறகே வரும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். வருமான வரம்புச் சான்றுக்கான சிசிசி-941, மண் மற்றும் சதுப்பு நிலப் பாதுகாப்புக்கான ஏடி-1026 ஆகிய படிவங்களையும் தர வேண்டியிருக்கும். தாளில் வாரம் என்று எழுதிவிட்டு, உள்ளுக்குள் ரொக்கம் வாங்கும் ஏற்பாட்டுக்கு யார் யோசனை சொன்னாலும் இணங்காதீர்கள். வாங்கிய பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவும், தகுதியை இழக்கவும் நேரிடும். குத்தகை எழுத்தில் இல்லையென்றால், இல்லினாய்ச் சட்டப்படி குத்தகை ஆண்டு முடிவதற்கு நான்கு மாதம் முன்பே எழுத்து மூலம் அறிவித்தால்தான் அதை முடிக்க இயலும்.

உங்கள் குடியேற்ற நிலையை நீங்கள் குறிப்பிடவில்லை. கிரீன் கார்டு இல்லாமல் எச்-1பி விசாவில் இருப்பவர், நிலத்தோடும் முதலோடும் தம் உடலுழைப்பையும் கணிசமாகத் தந்தாலொழிய, வாரத்துக்கு விட்டாலும் இந்த மானியத்தைப் பெற முடியாது. அதைவிட அவசரமானது வேறொன்று: வெளிநாட்டவர் வாங்கும் விளைநிலம் பற்றிய 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகையவர் விளைநிலம் வாங்கிய 90 நாட்களுக்குள் எஃப்எஸ்ஏ-153 படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை போகலாம். தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் அது ஏறிக்கொண்டே செல்லும் என்பதால், கெடு கடந்திருந்தால் மானியக் கேள்வியை ஒத்திவைத்துவிட்டு இந்த வாரமே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.