டிசைனைப் பதியும் முன்பே படம் போட்டுவிட்டால்?

கேள்வி: கோவையில் ஆறு வருடமாகத் தனி ஆளாக ஃபர்னிச்சர் கடை நடத்துகிறேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கில், இன்றைய வீடுகளுக்குப் பொருந்தும்படி நானே வரைந்து செய்விக்கிறேன். பிரம்பு பின்னிய மூன்று கால் நாற்காலிதான் என் கடையின் அடையாளம். 2023 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமில் அதன் படம் போட்டேன். இதுவரை 63 விற்றிருக்கிறேன். போன வருடம் ஒருவர் வாடிக்கையாளர் போல வந்து, டேப் வைத்து அளந்துகொண்டு போனார். சில மாதங்களில் பெரிய ஷோரூம் ஒன்றில் அதே நாற்காலி பாதி விலைக்கு வந்துவிட்டது. என்னிடம் தொழில் கற்ற ஆசாரியும் இப்போது அங்கேதான் வேலை செய்கிறார். இப்போதாவது டிசைனைப் பதிந்து வழக்குப் போட வேண்டும், போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். பொதுவான நண்பர் மூலம் அவர்கள், ‘கையிருப்பில் உள்ள 40 நாற்காலியை விற்றதும் நிறுத்திவிடுகிறோம், இரண்டு லட்சம் தருகிறோம்’ என்கிறார்கள். திருடினவர்களோடு சமாதானமா?
– வாசகி, கோவை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: ‘2023 ஆகஸ்டில் படம் போட்டேன்.’ டேப் வைத்து அளந்தவர், ஆசாரி போன இடம், பாதி விலை, இவற்றால் உங்களுக்கு வந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இவை எதையும் வைத்து வழக்கு நிற்காது. கடையில் வைத்த பொருளை அளப்பது குற்றமல்ல. கற்ற தொழிலை ஆசாரி வேறு இடத்தில் செய்வதை, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 இருக்கும்வரை, எழுதி வாங்கியிருந்தாலும் தடுக்க முடியாது. டிசைனைப் பார்த்துச் செய்ததற்குப் போலீசில் வழக்கும் கிடையாது. அது முழுக்க சிவில் விவகாரம்.

2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின் பிரிவு 4 சொல்வது இதுதான்: விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்பே இந்தியாவிலோ வெளிநாட்டிலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட டிசைனைப் பதிய முடியாது. வெளிப்படுத்தியது வேறு யாரோ அல்ல, நீங்களே என்றாலும் அதே கதிதான். ‘என் படம்தானே, என் பக்கம்தானே’ என்ற வாதம் எடுபடாது. ரகசியமாகக் காட்டியதற்கும், அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கும் விலக்கு உண்டு. இன்ஸ்டாகிராம் இரண்டிலும் சேராது.

‘சரி, காப்புரிமை (காபிரைட்) இருக்கிறதே’ என்று அடுத்து கேட்பீர்கள். நாற்காலியை நீங்கள் வரைந்த படத்துக்குக் காப்புரிமை உண்டுதான். ஆனால் பதியக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, ஐம்பதுக்கு மேல் பொருள் செய்துவிட்டால், காப்புரிமைச் சட்டம் பிரிவு 15(2)இன்படி அந்த உரிமை போய்விடும். நீங்கள் 63இல் இருக்கிறீர்கள். ஆசாரி கையால் செய்தது, தொழிற்சாலை அல்ல என்ற வாதத்தை நம்பாதீர்கள். டிசைன் சட்டத்தின் விளக்கத்தில் கைவேலையும் சேர்ந்தே வருகிறது. சோபா துணியின் டிசைன் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் இந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. எது கலைப்படைப்பு, எது டிசைன் என்று பிரித்தறியும் வழியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை வைத்தும் உட்காரும் நாற்காலியைச் சிற்பம் போன்ற கலைப்படைப்பு என்று நிலைநாட்டுவது எளிதல்ல.

இனி நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது போய்ப் பதியாதீர்கள். பதிய முடியாது என்பதால் அல்ல, பதிந்துவிடக்கூடும் என்பதால்தான். பரிசோதிக்கும் அதிகாரி உலகில் உள்ள எல்லா இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அங்கேதான் பலர் விழுந்திருக்கிறார்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர், விளக்குக் கூண்டு செய்பவர். கண்காட்சியில் வைத்து, விற்று, எட்டு மாதம் கழித்துப் பதிந்திருந்தார். சான்றிதழோடு என்னிடம் வந்தபோது முதல் கேள்வியாக, ‘எப்போது முதலில் வெளியே காட்டினீர்கள்?’ என்று கேட்டேன். ‘பதிந்த பிறகுதான்’ என்றார். வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கினோம். மூன்றாவது வாய்தாவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு தாளை நீட்டினார். என் கட்சிக்காரரே முன்பு சமூக வலைதளத்தில் போட்ட பதிவின் பிரதி. அதில் விளக்கு, அதன் கீழே தேதி, அதற்கும் கீழே ‘விலை என்ன?’ என்று கேட்ட ஒருவருக்கு அவரே எழுதிய பதில். அன்றோடு தடை விலகியது. அந்தத் தாளை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு யார் வந்தாலும் அவர்கள் போனை வாங்கி, பழைய பதிவுகளை நானே தேடிப் பார்க்கிறேன்.

உங்களுக்கும் அதுவே நடக்கும், இன்னும் சீக்கிரமாக. டிசைன் சட்டம் பிரிவு 22இன்படி, பதிவை ரத்து செய்வதற்கான எந்தக் காரணத்தையும் எதிராளி தற்காப்பாகவே வைக்கலாம். வைத்த உடனே வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். இன்னொரு பக்கம் கொல்கத்தாவில் டிசைன் பதிவைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளர் முன் பிரிவு 19இல் ரத்து மனுவும் போடுவார்கள். கோவையில் தொடங்கிய சண்டை சென்னையிலும் கொல்கத்தாவிலும் நடக்கும். ஷோரூமுக்கு அது மாதச் செலவில் ஒன்று. உங்களுக்கு அது அடுத்த லாட் தேக்கு வாங்க வைத்திருக்கும் பணம். அதோடு, டிசைன் புதியது என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். சாட்சிக் கூண்டில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.

நோட்டீஸ் மட்டும் விடலாமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாற்காலி வடிவத்துக்குக் காப்புரிமை கொண்டாடி நோட்டீஸ் விட்டு, வழக்குப் போடாமல் இருந்தால், ‘ஆதாரமில்லாத மிரட்டல்’ என்று காப்புரிமைச் சட்டம் பிரிவு 60இல் அவர்களே உங்கள்மீது வழக்குப் போடலாம். போன வாரம் அவர்கள் கடை வாசல் படத்தோடு ‘திருடர்கள்’ என்று நீங்கள் போட்ட பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356 இருக்கிறது. இப்போது சமாதானம் பேசுகிறவர்கள் கையில் அந்த ஆயுதத்தை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. கடிதத்தோடு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அவர்களின் விற்பனைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்காலிக்குக் கீழே உங்கள் கடையின் சிவப்பு ஆக்சைடு தரை தெரிகிறது. இடது ஓரத்தில் பித்தளைக் குத்துவிளக்கின் பாதி. அது உங்கள் புகைப்படம். நாற்காலி போனாலும் புகைப்படத்தின் காப்புரிமை போகாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னது நீங்கள் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். போட்டோகிராபரிடம் அசல் ஃபைலையும் கொடுத்த பணத்துக்கான ரசீதையும் வாங்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மின்னணுச் சாட்சியமாக ஏற்க வேண்டிய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63 சான்றிதழைத் தயார் செய்யுங்கள். இதற்காக நீதிமன்றம் பெரிய நஷ்டஈடு தராது. ஆனால் பேச்சுவார்த்தையில் உட்கார இது ஒரு நாற்காலி தரும்.

ஆகவே, சமாதானமா என்று கேட்டீர்கள். ஆம், சமாதானம்தான். அதுவும் சீக்கிரம். டிசைன் பதிவேட்டைத் தேடிப் பார்த்து உங்களிடம் பதிவு இல்லை என்று தெரிந்துகொள்ள அவர்கள் வழக்கறிஞருக்கு ஒரு நாள் போதும். தெரிந்தபின் இரண்டு லட்சம் இருக்காது. வாய்ப்பேச்சாக விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். உங்கள் புகைப்படத்தை அவர்கள் பக்கத்திலிருந்து உடனே நீக்க வேண்டும். 40 நாற்காலியையும் எண்ணி, 60 நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வடிவத்தில் செய்யக்கூடாது. மீறினால் ஒரு நாற்காலிக்கு இவ்வளவு என்று தொகை குறிக்க வேண்டும். பணம் கையெழுத்தன்றே வங்கிவழி வர வேண்டும். ‘தவறு செய்தோம்’ என்று எழுதித் தரச் சொல்லி இழுக்காதீர்கள். அந்த ஒரு வரிக்காகப் பல சமரசங்கள் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில், பொங்கலுக்குப் புதிய புத்தக அலமாரி வெளியிடப் போவதாகவும், ‘டீசர்’ படம் தயார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பதிந்தால் பத்து வருடம், புதுப்பித்தால் இன்னும் ஐந்து. அலமாரியை எல்லாப் பக்கமும் படமெடுத்து இந்த வாரமே விண்ணப்பியுங்கள். விண்ணப்ப எண் வரும்வரை அந்த அலமாரிமேல் துணி போர்த்தியே இருக்கட்டும்.