நாலு வாரமாக விழுந்துகொண்டே இருக்கிறேன்!

கேள்வி: வயது 23. ஸ்டண்ட் கலைஞனாக வேண்டும் என்று ஒரு பயிற்சிப் பள்ளியில் 12 வார வகுப்பில் சேர்ந்தேன். நாலு வாரம் முடிந்துவிட்டது. இன்னும் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) உருளுவதும் விழுவதும்தான். உயரத்திலிருந்து குதிக்கவும் விடவில்லை, ரோப் கட்டவும் இல்லை. வேறு பள்ளியில் சேர்ந்த நண்பன், இரண்டாவது வாரமே முதல் மாடி உயரத்திலிருந்து குதித்த வீடியோவை அனுப்புகிறான். எங்கள் பள்ளி காலத்தை ஓட்டுகிறதா? பழைய மெத்தைகளை அடுக்கி வீட்டிலேயே பழகலாமா? இன்னொன்று: பின்னால் விழும்போது என்னையறியாமல் கையை ஊன்றிவிடுகிறேன். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், பத்து நாளாக வலி. சொன்னால் ஓரம்கட்டிவிடுவார்களோ என்று மாஸ்டரிடம் சொல்லவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வலது கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, புடைத்து நிற்கும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி தெரியும். இடது கை விரலால் அந்தக் குழியை அழுத்துங்கள். சுள்ளென்று வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைகிற எலும்பு அது. அடிபட்ட புதிதில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போவதுண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. கவனிக்காமல் விட்டால் உடைந்த துண்டு கூடாமலே நின்றுவிடலாம், பிறகு அந்தக் கையை ஊன்றி எழுவதே கஷ்டமாகிவிடும். குழியில் வலிக்காவிட்டாலும் பத்து நாள் வலி என்பது எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய வலிதான். நாளைக்கே போங்கள். மாஸ்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அடிபட்டதைச் சொல்கிறவனை ஓரம்கட்டும் பள்ளி என்றால், அங்கிருந்து விலகுவதற்கு அது ஒன்றே போதும்.

பள்ளி காலத்தை ஓட்டுகிறதா என்ற கேள்விக்கும் அந்த மணிக்கட்டே பதில் சொல்லிவிட்டது. கையை ஊன்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது போகாமல் உங்களை உயரத்தில் ஏற்றியிருந்தால்தான் பள்ளியைக் குறை சொல்ல வேண்டியிருக்கும்.

நின்ற நிலையிலிருந்து முதுகுப் பக்கம் சாய்ந்தால் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. யோசிக்க நேரம் கிடையாது, அனிச்சையாக என்ன வருகிறதோ அதுதான் நடக்கும். கை பின்னால் போவது எல்லோருக்கும் இயல்பாகவே உள்ள அனிச்சை. மொத்த உடல் எடையும் ஒரு உள்ளங்கை வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறும். அந்த அனிச்சையை அழித்து இன்னொன்றை உட்காரவைக்க ஆயிரக்கணக்கில் விழுந்தாக வேண்டும். ஜூடோவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் முதலில் விழத்தான் பழக்குவார்கள்.

கை குணமாகி மருத்துவர் அனுமதித்த பிறகு, பின்வீழ்ச்சியைக் குந்திய நிலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு துண்டைச் சுருட்டி இரு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண் இடுப்புக் கச்சையைப் பார்க்கட்டும். குதிகாலுக்கு மிக அருகில் உட்காருவதுபோல் இறங்கி, முதுகை வளைத்து, பிட்டம், கீழ்முதுகு, தோள்பட்டை என்று வரிசையாக உருளுங்கள். தலை மேட்டைத் தொடவே கூடாது. துண்டு கையில் இருக்கும்வரை கை பின்னால் போகாது. உங்கள் கோளாறுக்கு இதுதான் நேரான மருந்து. துண்டு தானாக நெஞ்சோடு நிற்கப் பழகிய பிறகு அதை வைத்துவிட்டு, கையால் தட்டுவதைச் சேர்க்கலாம். மேல்முதுகு மேட்டைத் தொடும் அதே கணத்தில், உள்ளங்கை கீழ்நோக்கி, விரல் முதல் முழங்கை வரை முழுக்கையும் தட்ட வேண்டும். உடலுக்கும் கைக்கும் இடையே 30 முதல் 45 டிகிரி. அதற்கு மேல் விரித்தால் தோள் மூட்டு இழுபடும், உடலோடு ஒட்டினால் சொந்தக் கைமேலேயே விழுவீர்கள். தட்டும்போது வாயால் மூச்சை வெளியே தள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் உதரவிதானம் இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் மூச்சே வராது. பல்லைச் சேர்த்து வையுங்கள். நாக்கு நடுவே மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியாக விழுந்தோமா என்பதைக் காது சொல்லிவிடும். முதுகும் கையும் ஒன்றாக விழுந்தால் ஒரே சத்தம். ‘தொப், பட்’ என்று இரண்டாகக் கேட்டால் கை தாமதம். அந்தக் கை எதையும் தாங்கவில்லை, சத்தம்தான் போட்டது. குந்தியதிலிருந்து நூறு முறை விழுந்தாலும் ஒரே சத்தம் என்று வந்த பிறகு அரை உயரம், அதன்பின் நின்று. பக்கவாட்டு வீழ்ச்சிக்கும் இதே வரிசைதான்.

தோள் உருளலுக்குக் காயமே கணக்குப் பிள்ளை. வலது பக்கம் உருளும்போது உடல் வலது கையின் வெளிவிளிம்பு, முழங்கை, தோளின் பின்பக்கம் என்று போய், முதுகைக் குறுக்காகக் கடந்து, இடது பிட்டத்தில் முடிய வேண்டும். தோள் நுனியில் கன்றியிருந்தால் கையை வளையமாக வைக்காமல் மடக்கிவிட்டீர்கள். நடுமுதுகு எலும்பு சிவந்திருந்தால் அது தோள் உருளல் இல்லை, சின்ன வயதில் போட்ட குட்டிக்கரணம். இடுப்பெலும்பில் வலித்தால் கடைசியில் காலை மடக்காமல் நீட்டிவிட்டீர்கள். மெத்தென்ற மேட்டில் இந்தப் பிழைகள் தெரியாது. அதனால்தான் வாரம் போகப் போக மெல்லிய மேட்டுக்கு மாற்றுவார்கள்.

உயரத்துக்கு வருவோம். 3 மீட்டரிலிருந்து விழுந்தால் கீழே வரும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். 5 மீட்டரில் 36, 10 மீட்டரில் 50. ஆனால் உடம்பை உடைப்பது வேகம் மட்டும் அல்ல, எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதும்தான். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், உடல் எடையைப் போல் ஏறக்குறைய எத்தனை மடங்கு விசை சராசரியாகத் தாக்குகிறது என்று கிடைக்கும். 3 மீட்டரில் விழுந்து 1 மீட்டர் அமுங்கி நின்றால் 3 மடங்கு. 30 சென்டிமீட்டரில் நின்றால் 10 மடங்கு. வீட்டு மெத்தை 15 சென்டிமீட்டர் அமுங்கித் தரையில் முட்டும் என்று வையுங்கள், 20 மடங்கு. அடுக்கி வைத்தாலும் முதல் அடியில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகும், அந்தச் சந்தில்தான் கால் அல்லது தலை போகும். ஆகவே மெத்தை யோசனையை அடியோடு விடுங்கள்.

ஸ்டண்டில் அட்டைப்பெட்டி பயன்படுத்துவதன் காரணமும் இந்தக் கணக்குத்தான். காலிப் பெட்டி நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, விசையை வாங்கிக்கொள்ளும். டேப் போட்டு இறுக்கி மூடிவிட்டால் காற்று போக வழியின்றி பெட்டி எதிர்த்துத் தள்ளும், எனவே மடிப்பை மடக்கி மட்டும் விடுவார்கள். அடுக்குகளுக்கு நடுவே அட்டைத் தகடு, மேலே மேட், பெட்டிகள் பக்கவாட்டில் பிதுங்காமல் சுற்றிலும் கயிறு அல்லது தார்ப்பாய். ஒரு முறை நசுங்கிய பெட்டி செத்த பெட்டி. அதை நிமிர்த்தி வைத்து அடுத்த ஆளைக் குதிக்கச் சொல்கிற இடத்தில் குதிக்காதீர்கள். காற்றுப்பையில் மின்விசிறி காற்றை ஏற்ற, பக்கத் துளைகள் வழியாக அது வெளியேறும். ஒருவர் விழுந்ததும் பை முழுதாக நிரம்பும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். விளிம்புக்கு அருகில் விழுந்தால் பை சரிந்து உங்களைத் தரையில் தள்ளிவிடும்.

எதன்மேல் விழுந்தாலும் மல்லாந்து, தோளிலிருந்து பிட்டம் வரை ஒரே தளமாக விழ வேண்டும். காலூன்றி இறங்கினால் கணுக்கால் திரும்பும், முழங்கால் மடங்கி முகத்தில் இடிக்கும். உட்கார்ந்தபடி இறங்கினால் முதுகெலும்பு நசுங்கும். புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இரண்டு. பயத்தில் எட்டிக் குதித்துப் பையின் நடுவைத் தாண்டிப் போவது ஒன்று. தலையை வேகமாகக் கீழே போட்டு, தேவைக்கு மேல் சுழன்று, கழுத்து முதலில் இறங்குவது மற்றொன்று. டிராம்போலினில் மல்லாந்து விழுந்து எழும் பயிற்சியை அலுக்க அலுக்கக் கொடுப்பது, காற்றில் முதுகு எங்கே இருக்கிறது என்று உடலுக்குப் புரியத்தான். அதன் பிறகு 1 மீட்டர் மேடை, 2, 3. ஒவ்வொரு உயரத்திலும் அடுத்தடுத்துப் பல வீழ்ச்சிகள் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் விழுந்தால்தான் அடுத்தது.

நண்பனின் வீடியோவை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். முதுகில் விழுந்தானா, காலில் இறங்கினானா? குதிக்கும் முன் கீழிருந்து ‘ரெடி’ என்று யாராவது குரல் கொடுத்தார்களா? பையின் நான்கு பக்கமும் ஆள் நின்றதா? காலில் இறங்கி, எழுந்து, கையசைத்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு நேரம் நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரோப்பில் முதல் வகுப்பு பறப்பதே இல்லை, தொங்குவது. தரையிலிருந்து ஓர் அடி தூக்கி, கால் மிதக்காமல் வயிற்றை இறுக்கி நேராக நிற்கப் பழக்குவார்கள். ஹார்னஸின் (ரோப்பை மாட்ட உடலில் கட்டும் பட்டைகளின்) இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும், இல்லையென்றால் தலைகீழானதும் நழுவும். தொடைப் பட்டைக்குள் தட்டையான கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. மாட்டிய கொக்கிகளை மாட்டியவரே அல்லாமல் இன்னொருவரும் தொட்டுப் பார்க்க வேண்டும். கால் மரத்தால் உடனே இறக்கச் சொல்லுங்கள். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஆளைப் பின்னால் சுண்டி இழுக்கும் ராட்செட், உடம்பில் தீ வைத்துக்கொள்வது, கார் உருட்டுவது இவையெல்லாம் 12 வார வகுப்பில் இடம்பெறக் கூடாதவை. வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

தலையில் அடி பட்டால் மட்டும் வலியை நம்பாதீர்கள். மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் 1924-இல் வெளிவந்த படத்துக்காக நடித்தபோது, ரயில் நிலையத் தண்ணீர்க் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் அடித்துப் போட்டது. கழுத்தெலும்பு உடைந்திருந்தது அவருக்குத் தெரிந்தது பல ஆண்டு கழித்து, எக்ஸ்ரேயில். தலை மோதி மந்தமாகவோ கிறுகிறுப்பாகவோ இருந்தால், நினைவு தப்பாவிட்டாலும், அன்றைய பயிற்சி முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை இரட்டிப்பது, எழுப்பக் கஷ்டமான தூக்கம் என்றால் நேரே மருத்துவமனை. திரும்பி வருவதும் மருத்துவர் சொன்ன பிறகு படிப்படியாகத்தான்.

வேலை என்று பார்த்தால், புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சண்டைக் காட்சியில் அடி வாங்கும் வேலை. உங்கள் கை கட்டில் இருக்கும் நாட்களில் அதைக் கற்கலாம். குத்து முகத்தைத் தொடுவதில்லை. ஒரு சாண் தள்ளிக் கடந்துபோகும், அந்த இடைவெளியைக் கேமரா கோணம் மறைக்கும். அடிப்பவரின் முதுகுக்குப் பின்னாலோ வாங்குபவரின் முதுகுக்குப் பின்னாலோ கேமரா இருந்தால் மறையும், பக்கவாட்டில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அடியை நம்பவைப்பது வாங்குகிறவரின் வேலை. முஷ்டி முகத்துக்கு நேரே வரும்போது முதலில் தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு என்று குத்து போன திசையிலேயே திரும்ப வேண்டும். புதியவர்கள் முஷ்டி வருமுன்பே திரும்பிவிடுவார்கள். அரை வேகத்தில் எண்ணிக்கை போட்டுப் பழகி, முக்கால் வேகத்தோடு நிறுத்துங்கள். முழு வேகத்துக்கு மாஸ்டர் எதிரில் இருக்க வேண்டும்.

பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: மீதி எட்டு வாரத்துக்கு வாரவாரியான திட்டம் என்ன, எதைச் சரியாகச் செய்தால் எந்த உயரத்துக்கு ஏற்றுவீர்கள்? தெளிவான பதில் வந்தால் இருங்கள். ‘பார்க்கலாம்’ என்றே இழுத்தால் அப்போது உங்கள் சந்தேகம் நியாயம். 12 வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஸ்டண்ட் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பிரிட்டனின் ஸ்டண்ட் பதிவேட்டில் சேர, சண்டை, வீழ்ச்சி, வாகனம் அல்லது குதிரை, உடல் லாகவம், நீர் ஆகிய பிரிவுகளிலிருந்து ஆறு திறன்களில் தேர்ச்சி காட்டியாக வேண்டும். ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் மூன்றில் எது உங்களுக்கு வராதோ அதைத் தனியாக இப்போதே தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது: குந்தி எழுதல், தொப்புளைச் சுற்றிய தசைக்கான பயிற்சிகள், ஒற்றைக் காலில் தாவி அசையாமல் நிற்பது. கழுத்துக்கு, நெற்றியில் இடது உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளி, தலை நகராமல் பத்து நொடி. அதேபோல் பக்கத்துக்கும் பின்னுக்கும். மல்லாந்து படுத்து, தாடையை நெஞ்சில் சேர்த்துத் தலையை மட்டும் தூக்கி இருபது எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள், நாளுக்கு ஐந்து முறை. பின்வீழ்ச்சியில் தலை தொங்காமல் இருக்க அந்த முன்கழுத்துத் தசைதான் வேண்டும், பழகாதவர்களுக்கு அது இருபது எண்ணுமுன்பே நடுங்கத் தொடங்கலாம்.