காலைப் பார்த்தாயா?

அன்புள்ள ஐயா,

என் மகன் ராணுவத்தில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் லடாக்குக்கு மாற்றிவிட்டார்கள். கார்கில் பக்கம் என்று மட்டும் சொல்கிறான். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டாமல் வாசல் தெளிக்க வராதவள் நான். அவனோ மைனஸ் இருபது என்கிறான். 2016-இல் சியாச்சின் பனிமலையில் புதைந்துபோன பிள்ளைகளின் நினைவு வந்து தூக்கம் போய்விடுகிறது. "உடம்பு பழகிவிடும், அழாதே" என்கிறார் என் கணவர். பழகிவிடுமா? கனமாக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன், அனுப்பலாமா? நீங்கள் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

— வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. உடம்பு உயரத்துக்குப் பழகும். அதற்கென்றே ராணுவத்தில் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 9,000 அடிக்கு மேல் போகிறவர்களை ஆறு நாள் நிறுத்திவைப்பார்கள். முதல் இரண்டு நாள் வெறும் ஓய்வு, பிறகு மெல்ல நடை. 12,000 அடியைத் தாண்டும்போது மறுபடி நான்கு நாள், 15,000-ஐத் தாண்டும்போது இன்னும் நான்கு நாள். அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அது உயிரை வாங்கும்.

குளிருக்கு உடம்பு அவ்வளவாகப் பழகுவதில்லை. மூன்று குளிர்காலம் பார்த்தவனின் விரலும் உறையும், நேற்று வந்தவனின் விரலும் உறையும். பார்த்தவனுக்கு எப்போது எதைக் கழற்ற வேண்டும், எதை மாட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நமக்குப் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் ஈரம், வெயில் ஏறினால் போய்விடும். அங்கே அதே சொல் மாதக்கணக்கில் கூரைமேல் கிடக்கும் பாரம்.

அதனால்தான் அந்தக் கனமான ஸ்வெட்டர் வேண்டாம் என்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே முதல் எதிரி வியர்வை. முதுகில் சுமையோடு ஏறும்போது மைனஸ் இருபதிலும் உடம்பு வேர்க்கும். நின்ற மறுநிமிடம் அந்த ஈரம் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். நடக்கத் தொடங்கும் முன்பே ஓர் உடுப்பைக் கழற்றிவிடச் சொல்வார்கள். லேசாகக் குளிரக் குளிரத்தான் கிளம்ப வேண்டும். மெல்லிசாக மூன்று நான்கு அடுக்கு போட்டிருந்தால்தான் இது முடியும். நம் ஊர்ப் பருத்திப் பனியன் உள்ளே இருந்தால் அதுவே ஆபத்து, ஈரத்தை விடாது.

கார்கில் பக்கம் திராஸ் என்ற ஊரில் இருந்தபோது ஒரு வீட்டில் டீ குடிக்கப் போவேன். குளிர்காலம் வந்தால் அந்தக் குடும்பம் மொத்தமும் ஒரே அறைக்குள் வந்துவிடும். நடுவில் புகாரி, அதாவது தகர அடுப்பு. வறட்டியும் விறகும் போட்டு எரிப்பார்கள். முள்ளங்கியும் டர்னிப்பும் குழி வெட்டி மண்ணுக்குள், கீரை காயவைத்து மூட்டையில். பனி விழுந்த காலையில் டீக்கு முன்னால் கூரை ஏறிப் பனியைத் தள்ளுவார்கள். விட்டுவிட்டால் பாரம் ஏறும், உருகினால் மண்கூரை ஒழுகும். அந்த வீட்டுப் பாட்டி என்னை உள்ளே விடும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். என் காலணியைப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் கழற்றச் சொல்லி அடுப்போரம் சாய்த்துவைப்பார்.

எங்கள் போஸ்டிலும் தினமும் ராத்திரி அதேதான் வேலை. டார்ச்சோடு போய் ஒவ்வொருவர் காலையும் பார்ப்பேன். ஒரு நாள் திருநெல்வேலிப் பையன் ஒருவன் சந்தோஷமாகச் சொன்னான், "அண்ணே, சாயங்காலம் வரைக்கும் விரல் வலித்தது. இப்போது வலி நின்றுவிட்டது." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காலுறையை உருவினேன். வலது காலில் மூன்று விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அழுத்தினால் கட்டை மாதிரி இருந்தது.

அப்போது தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டவும் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. பாத்திரத்தில் வெந்நீர் விளாவி, பிள்ளையைக் குளிப்பாட்டும் முன் நீங்கள் பார்ப்பீர்களே, அதுபோல் முழங்கையை விட்டுப் பார்த்தேன். 37, 38 டிகிரி இருந்தால் போதும். ஆற ஆற வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருந்தோம். அரைமணி நேரத்தில் விரல்கள் சிவந்தன. ரத்தம் திரும்பும்போது வரும் வலி கொடியது. அவன் "அம்மா அம்மா" என்று கத்தினான், நாங்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டோம். மறுநாள் கொப்புளம் கிளம்பியது. கீழே அனுப்பினோம். ஒரு நகம் போனது, விரல்கள் மூன்றும் பிழைத்தன.

2016-ஐ நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதைத் தொடாமல் போக மாட்டேன். பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் நிலையில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். 11-ஆம் தேதி டெல்லியில் இறந்தார். அத்தனை பெரிய சரிவுக்கு முன்னால் எந்த உடுப்பும் ஒன்றும் செய்யாது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆறுதல் சொல்வது பொய்யாகிவிடும். உங்கள் மகன் சியாச்சினில் இல்லை. ஆனால் பனிச்சரிவு கார்கில் மலைகளிலும் உண்டு. சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகத்திலிருந்து பனிச்சரிவு எச்சரிக்கை வரும். புதுப்பனி விழுந்தால் நடமாட்டத்தை நிறுத்துவார்கள். ஆபத்தான மலைச்சரிவுகளை வெயில் ஏறும் முன், பனி இறுகியிருக்கும்போதே கடப்பார்கள்.

பின்னுகிற கையை நிறுத்த வேண்டாம். அந்தக் கம்பளி நூலைப் பிரித்துக் காலுறை பின்னுங்கள். நான்கு ஜோடி அனுப்புங்கள். ஒன்று காலில், ஒன்று மாற்ற, மற்றவை காய. இறுக்கமாக வேண்டாம், இறுகினால் விரலுக்கு ரத்தம் போகாது. போட்டபின் விரல்களை உள்ளே அசைக்க இடம் இருக்க வேண்டும். கூடவே புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வையுங்கள், உயரத்தில் பசியே எடுக்காது, நம் வீட்டு ருசி இருந்தால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும்.

போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்பீர்கள். அதோடு "காலைப் பார்த்தாயா" என்றும் கேளுங்கள். "பக்கத்துப் பையன் காலையும் பார்த்தாயா" என்று கேளுங்கள்.