பழைய லேப்டாப்புக்கு முதலில் ரேமா, எஸ்எஸ்டியா?

கேள்வி: என் லேப்டாப் 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் திறந்திருக்கிறது. பிரௌசர், கணக்கு வழக்குக்கு எக்செல், இவ்வளவுதான் என் தேவை. ரேமை 8 ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா, புதிதாகவே வாங்கிவிடட்டுமா?

பதில்: இந்த வேலைக்குப் புது லேப்டாப் தேவையே இல்லை. ஆனால் ரேமிலிருந்து, அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்திலிருந்து, தொடங்காதீர்கள். முதலில் மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க். அதன் இடத்தில் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க், போட வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். லேப்டாப் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று காட்டும். அதே நேரத்தில் அது படிக்கும் வேகம் நொடிக்கு ஓரிரண்டு எம்பியாகத்தான் இருக்கும். மூச்சு முட்ட வேலை செய்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் தட்டு சுற்றி வரும் வரை ப்ராசஸர் சும்மா காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது என்பதால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். எவ்வளவு ரேம் போட்டாலும் திறக்கும் நேரத்தில் இந்த மாற்றம் வராது.

உங்களுக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா என்பது உங்கள் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் அதே இணைப்பு வகை. பெட்டியில் நொடிக்கு 550 எம்பி என்று போட்டிருப்பார்கள். சாட்டா வழியின் உச்சமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் 520-க்கும் 550-க்கும் வித்தியாசம் பார்த்து அதிகம் கொடுக்காதீர்கள். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பாருங்கள், அதுதான் முக்கியம். எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன் இருக்கும். பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம்.

அப்புறம் ரேம். 4 ஜிபியில் பிரௌசரையும் எக்செல்லையும் சேர்த்துத் திறந்தால் இடம் பற்றாது என்பது உண்மைதான். ஆகவே எஸ்எஸ்டிக்குப் பிறகு 8 ஜிபி ஆக்குங்கள். உங்கள் தேவைக்கு 16 வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி போதும். இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியாக, ஓடும். சில மெலிந்த மாடல்களில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அங்கே காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் வழியில்லை.

வகையில் கவனம் வேண்டும். நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வாங்க வேண்டும். வெறும் டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் லேப்டாப் ஆன் ஆகாமல் போகலாம். பழைய ரேமின் லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எல் எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய முழுவதும் மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். ரேம் பழுது என்று பலர் திருப்பித் தருவது பல சமயம் இதனால்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள ப்ராசஸர்களை, ஏழாம் தலைமுறையில் சிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ரேமும் எஸ்எஸ்டியும் இதை மாற்றாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ள உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்தச் செலவு தாராளமாகத் தகும். எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் பழக வேண்டியிருக்கும். விண்டோஸ்தான் கட்டாயம் என்றால் எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள், அதைப் பிற்பாடு வேறு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், கண்டுகொள்ளவே இல்லை. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. எம்.2 என்பது சின்னப் பட்டை போன்ற எஸ்எஸ்டியின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இயும் உண்டு. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து, எம்.2 சாட்டா என்று கேட்டு மாற்றி வாங்குங்கள்.

கேள்வி: பழைய ரேம், பழைய எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ரேம் வாங்கலாம். எழுதி எழுதித் தேயும் பொருள் அல்ல அது. ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிட்டால் குறை இருந்தால் தெரிந்துவிடும். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும், அதனால் புதிதாகவே வாங்குங்கள். பழையதை எடுத்தேதான் தீர வேண்டும் என்றால், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எத்தனை டெராபைட் எழுதப்பட்டிருக்கிறது என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.