அம்மாவின் கட்டிலுக்கு அடியில் 3,000 தோட்டா

கேள்வி: அக்கா, பத்து வருடமாக பாயிண்ட் 22 ரைஃபிளில் இலக்குச் சுடுதல் பழகுகிறேன். வாரம் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போவேன், போனால் 60 தோட்டா சுடுவேன். தோட்டா விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. முன்பு மூன்று பெட்டி வாங்கிய காசுக்கு இப்போது இரண்டுதான் வருகிறது. கூடச் சுடுகிறவர்கள் எல்லாரும் இப்போதே வாங்கி வை என்கிறார்கள். என்னிடம் ஏற்கனவே 3,000 இருக்கிறது. அட்டைப் பெட்டிகள் கண்ணில் படும் என்று தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாக்களில் கொட்டி, அம்மாவின் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியாது, தெரிந்தால் செலவைப் பற்றிப் பேச்சு வரும். அம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டார். சேமிப்பில் இருந்து எடுத்து இன்னும் 5,000 வாங்கிப் போடலாமா, விலை இறங்கும் வரை பொறுக்கலாமா?

பதில்: தம்பி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. அதற்குப் பதில் கடினமில்லை, கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "அம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்." இதை ஏதோ சாமான் வைத்த இடத்தைச் சொல்வது போலப் போகிற போக்கில் எழுதிவிட்டு விலைக்குத் தாவிவிட்டீர்கள். பெற்ற தாயை ஒரு பொய்க்குக் காவல் வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் 22 தோட்டா ஒன்று மூன்று கிராமுக்கு மேல் இருக்கும். 3,000 என்றால் கிட்டத்தட்ட 10 கிலோ, அதில் ஏழரைக் கிலோவுக்கு மேல் ஈயம் மட்டும். அதற்கு மேல்தான் உங்கள் அம்மா தினமும் படுத்துத் தூங்குகிறார். மருமகள் அந்த அறையைப் பெருக்க வரும்போது கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு போனாலே அவருக்குப் பக்கென்று இருக்கும். "அத்தை, அந்தப் பெட்டியில் என்ன?" என்று ஒரு நாள் கேட்டால், பழைய துணி என்று சொல்ல வேண்டியது அவர்தான், நீங்கள் அப்போது வேலையில் இருப்பீர்கள். உண்மை வெளியே வரும் அன்றைக்கு உங்கள் மனைவி உங்களை ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டுவிடுவார், கணவன் மனைவி சண்டை அப்படித்தான். மாமியார் தெரிந்தே மறைத்தார் என்பதை மட்டும் மறக்க மாட்டார். நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரே வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இருவரும்தான்.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா ஒரு கடன் வாங்கினார். என்னிடம் மட்டும் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடாதே என்றார். என்னை நம்பிச் சொல்கிறாரே என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா மேல் எனக்கு இன்றும் பாசம் உண்டு, ஆனால் அந்த இரண்டு வருடத்தை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. வயதான காலத்தில் பிள்ளை செய்ய வேண்டியது பெற்றவர்கள் தலையில் இருக்கும் பாரத்தை இறக்கி வைப்பது. புதிதாக ஒன்றை ஏற்றுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, விலைக்கு வருகிறேன். ஏறியிருப்பது உண்மைதான், கடைக்காரர் கட்டிவிட்ட கதை இல்லை. தோட்டாவுக்கு வேண்டியது ஈயம், செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை, உள்ளே போகும் வெடிமருந்து. அந்த மருந்துக்கு மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ், அது பஞ்சுக் கொட்டையில் ஒட்டியிருக்கும் சிறு இழையில் இருந்து செய்கிற சரக்கு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் பெரிதாக வெடித்ததில் இருந்து ராணுவங்கள் பீரங்கிக் குண்டுக்கென்று அதே சரக்கைத்தான் தேடுகின்றன. ஈயத்தைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஆன்டிமனி இன்னொன்று, அதன் ஏற்றுமதிக்கு 2024 செப்டம்பரில் சீனா கட்டுப்பாடு போட்டது. இதெல்லாம் உங்களாலும் என்னாலும் மாற்ற முடிகிற விஷயம் இல்லை.

ஆனால் தட்டுப்பாட்டில் ஒரு பங்கை நாமே உண்டாக்குகிறோம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுனில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து குழந்தைகள் இறந்தார்கள். சட்டம் இறுகும் என்ற பயத்தில் அங்கே ஆளாளுக்கு வாங்கிக் குவிக்க, அடுத்த சில வருடங்கள் பாயிண்ட் 22 தோட்டா அலமாரியில் நிற்கவே இல்லை. இருப்பதிலேயே மலிவான, சிறுவர்கள் முதன்முதலில் பழகுகிற தோட்டா அது. அப்புறம் பயம் தணிந்தது, சரக்கு தாராளமாக வந்தது, விலையும் இறங்கியது. உச்ச விலையில் பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள் கையில்தான் பழைய விலைச் சரக்கு தங்கிப்போனது. 2020 தொற்றுக் காலத்திலும் இதே கூத்து திரும்ப நடந்தது. தங்கம் மாதிரி வைத்திருந்து விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் இருந்தால் அதை இப்போதே விடுங்கள், தோட்டாவை நினைத்த ஆளுக்கு விற்கப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் விடாது. உங்கள் லைசென்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டா, அந்த 3,000 அதற்குள் வருகிறதா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, பத்து வருடம் சுட்டவர் செய்கிற வேலையா அது? எந்தத் தொகுப்பில் செய்த தோட்டா என்று காட்டும் லாட் நம்பர் அதில்தானே இருக்கிறது. பாயிண்ட் 22 ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு லாட் ஒத்துப்போகும், இன்னொன்று போகாது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், லாட் மாறினால் 50 மீட்டரில் குரூப், அதாவது தோட்டாக்கள் விழும் பரப்பு, விரிந்துவிடும். அந்த தூரத்தில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அதில் எத்தனை விட்டுக்கொடுப்பீர்கள்? இப்போது உங்களிடம் இருப்பது எது எந்த லாட் என்று தெரியாத கலவை. போதாததற்கு டப்பாவில் கொட்டிக் குலுங்கினால் மெழுகு பூசிய ஈய முனையில் தூசி ஒட்டும், முனை நசுங்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பக்கத்துத் தோட்டாவின் விளிம்பு பட்டுப் பிறை மாதிரி ஒரு தடம் தெரியும். தரை ஈரம் ஏறினால் பித்தளையில் பச்சை பூக்கும். மனைவி கண்ணில் படக் கூடாது என்று செய்த வேலை கடைசியில் தோட்டாவையும் கெடுத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் தீப்பிடித்தால், குழலுக்குள் இருந்து பாய்வது போல அந்தத் தோட்டா பாயாது என்பது உண்மை. ஆனால் கூடு பிளந்து பித்தளைத் துணுக்கு தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். தீயணைப்பு வீரர் வாசலில் நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் உங்கள் மனைவி என்ன சொல்வார்? அவருக்குத்தான் தெரியாதே. கட்டிலில் இருப்பவர் நடக்கச் சிரமப்படும் வயதில் இருப்பவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில், 5,000 வேண்டாம். வாரம் 60 என்றால் இருப்பதே 50 வாரத்துக்கு வரும், அதாவது கிட்டத்தட்ட ஒரு வருடம். பழகுவதற்கு அந்தக் கலவையைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். போட்டிக்குப் போகிறவரானால் உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவரும் ஒரு லாட்டை ரேஞ்சில் சோதித்துப் பார்த்து, அதில் ஒரு சீசனுக்கு வேண்டியதை மட்டும், மனைவியிடம் சொல்லி, வாங்குங்கள். விலை உங்களை உறுத்தினால் ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது தோட்டா போடாமல் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகுங்கள். வீட்டில் தோட்டா எதுவும் இல்லாத ஓர் அறை, ரைஃபிளைத் திறந்து தோட்டா போடும் இடம் காலியா என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, தினமும் இருபது நிமிடம். பாயிண்ட் 22-வில் தோட்டா போடாமல் விசையை இழுத்தால் சில மாடல்களில் தோட்டாவை அடிக்கும் ஊசி கெடும், அதனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு, தேவையானால் டம்மி தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். பெரிய போட்டிகளில் நிற்கிறவர்கள் பலர் இப்படிச் சுடாமலும் நிறையப் பழகுகிறார்கள். ஏர் ரைஃபிள் கிடைத்தால் அதுவும் நல்லது, பெல்லட் செலவு அவ்வளவு கையைக் கடிக்காது, மூச்சும் விரலும் அதே பழக்கம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பகலில், மனைவியை அந்த அறைக்குக் கூப்பிடுங்கள். பெட்டியை நீங்களே வெளியே இழுங்கள், அம்மாவை இழுக்க விடாதீர்கள். அம்மாவுக்குத் தெரியும் என்பதை நீங்களாகச் சொல்லுங்கள், நான்தான் சொல்லக் கூடாது என்றேன், அவர் மேல் தப்பில்லை என்று அம்மா காதில் விழும்படி சொல்லுங்கள். எவ்வளவு செலவானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பேச்சு வந்தால் வரட்டும், உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்று, காய்ந்த குளிர்ந்த இடத்தில், ரைஃபிள் இருக்கும் அலமாரியில் இருந்து தனியாக. சாவி எங்கே, உள்ளே எத்தனை என்பது வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மூவருக்கும் தெரிய வேண்டும். எண்ணும்போது மனைவியையும் கூட உட்கார வைத்து, எண்ணிக்கையை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். டிரங்குப் பெட்டியைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அதில் அவர் தன் புடவைகளை வைத்துக்கொள்ளட்டும்.